விமானத்துக்குப் பேர் வைக்கறது எப்படி?

ப்ராஜெக்ட் ஃபைலுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2'ன்னு பேர் வச்சுட்டு, சப்மிட் பண்ற அன்னிக்கு எது சரியான ஃபைல்னு தெரியாம முழிச்சிருக்கீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவு எண் உண்டு. நம்ம பைக் நம்பர் பிளேட் மாதிரி. இந்திய விமானம்னா அது 'விடி' என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும். சட்டத்துக்கும் பராமரிப்புப் பதிவேட்டுக்கும் அதுவே போதும். ஆனாலும் பல நிறுவனங்கள் விமானத்தின் மூக்குப் பக்கம் தனியா ஒரு பெயரும் எழுதறாங்க. அதை எப்படித் தேர்ந்தெடுக்கறாங்க?

முதல் வழி, ஒரு ரகத்துக்கு ஒரு குடும்பம். ஏர் இந்தியாவையே எடுத்துக்குங்க. கான்ஸ்டலேஷன் விமானங்களுக்கு 'மலபார் பிரின்சஸ்' போல இளவரசிப் பெயர்கள். போயிங் 707 வந்தப்போ நந்தாதேவி, அன்னபூர்ணா, கஞ்சன்ஜங்கா என்று இமயமலைச் சிகரங்கள். 1971-ல் ஜம்போ 747 வந்ததும் பேரரசர்கள்: அசோகர், அக்பர், கனிஷ்கர். நம்ம ஊர் ராஜேந்திர சோழனும் மகேந்திரவர்மனும்கூட அந்த வரிசையில் பறந்தாங்க. அப்புறம் வந்த 747-400 ரகத்துக்கு கோனார்க், தஞ்சாவூர், கஜுராஹோ. பேரைக் கேட்டாலே எந்த ரகம்னு சொல்லிடலாம். கோடிங்கில் வேரியபிளுக்குப் பேர் வைக்கற ஒழுங்கும் இதேதான்.

இரண்டாவது, பேர் தனியா நிக்கக் கூடாது. ஜம்போவை 'வானில் உங்கள் அரண்மனை' என்று ஏர் இந்தியா விளம்பரம் செய்தது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனை வளைவுகளை வரைந்தது. அரண்மனைன்னா ராஜா வேணுமே! அதனால்தான் பேரரசர் பெயர்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின.

மூன்றாவது, யாரையாவது சொந்தம் கொண்டாட வைக்கணும். ஜெர்மனியின் லுஃப்தான்சா தன் விமானங்களுக்கு நகரங்களின் பெயரை வைக்குது. 1960-ல் ஒரு 707-க்கு 'பெர்லின்' என்று பெயர் சூட்டியவர், அப்போது மேற்கு பெர்லின் மேயராக இருந்த வில்லி பிராண்ட். தன் ஊர்ப் பேரைச் சுமந்து பறக்கற விமானத்தை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனா பேர் வைக்கறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. 1966-ல் கஞ்சன்ஜங்கா ஆல்ப்ஸ் மலையில் மோதி, விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தாங்க. 1978 புத்தாண்டு இரவு, மும்பையிலிருந்து கிளம்பிய அசோகர், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதானதைத் தொடர்ந்து கடலில் விழுந்தது. 213 பேர் பலி. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்து அருகே வெடிகுண்டால் சிதறிய விமானம் கனிஷ்கர். அதில் இருந்த 329 பேரும் இறந்தாங்க. விமான எண் 182 என்று சொன்னா பலருக்குப் புரியாது. 'கனிஷ்கா' என்றால் புரியும். பெருமைக்காக வச்ச பேர், துயரத்தையும் சேர்த்துச் சுமக்குது.

அதே பேர் மீண்டும் எழுந்து நிக்கவும் முடியும். ஆஸ்திரேலிய நிறுவனமான குவான்டாஸ், தன் முதல் ஏ380-க்கு நான்சி பேர்ட் வால்டன் என்ற முன்னோடிப் பெண் விமானியின் பெயரை வைத்தது. 2010 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதன் இன்ஜின் ஒன்று வெடித்து, இறக்கையில் ஓட்டை விழுந்தது. விமானிகள் நிதானமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினாங்க. 469 பேரும் பிழைத்தாங்க. பழுது பார்த்து முடிக்க கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் ஆச்சு. 2012-ல் அது மறுபடி பறந்தது, அதே பேரோடு.

எண் என்பது பதிவேட்டுக்கு. பேர் என்பது மனுஷங்களுக்கு. உங்க ரோபோவுக்கோ டிரோனுக்கோ அடுத்த தடவை பேர் வைக்கும்போது ரெண்டு நிமிஷம் யோசிங்க. அது ஜெயிச்சாலும் தோத்தாலும், எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நினைவு வச்சுக்கப் போறாங்க.