மனையறிந்து வீடு கட்டுவோம்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வீடு கட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். பல ஆண்டுச் சேமிப்பைத் திரட்டியோ, நகையை அடகு வைத்தோ, அரசின் உதவித் தொகையைப் பெற்றோ அவ்வீடு எழுப்பப்படுகிறது. விதைப்பில் தவறு நேர்ந்தால் அடுத்த பருவத்தில் திருத்திக் கொள்ளலாம். கடைகாலில் தவறு நேர்ந்தால் அதனைத் திருத்த அடுத்த பருவம் வாராது. ஆகவே, வீட்டிற்கு வரைபடம் போடுமுன் மனையின் தன்மையை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

நம் விவசாயிகள் மண்ணை அறியாமல் விதைப்பதில்லை. கரிசலில் பருத்தியும், மணற்பாங்கான செம்மண்ணில் நிலக்கடலையும், களிமண்ணில் நெல்லும் பயிரிடவேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், வீடு கட்டும்போது மட்டும், "அடுத்த தெருவில் கட்டியதைப் போலவே கட்டிவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் கூறிவிடுகின்றனர். அடுத்த தெருவின் மண் வேறாக இருக்கலாம் என்பதை நினைப்பதில்லை.

2016 முதல் செயற்படும் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அது 360 சதுர அடி. திட்டங்கள் பரப்பளவையும் தொகையையும் வரையறுக்கின்றன. மண்ணுக்கேற்ப அவ்வீட்டை அமைத்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

முதலில் செய்யத்தக்கவை

முதலாவதாக, பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்த்து, அளவைக் கற்களைக் கண்டு எல்லையை உறுதி செய்துகொள்ள வேண்டும். நிலம் நன்செயாயின், அதனை மனையாக்குவதற்கு உரிய அனுமதி பெறாமல் ஒரு கூடை மண்ணும் கொட்டலாகாது.

இரண்டாவதாக, ஊர்ப் பெரியவர்களை அழைத்து, பெருமழை பெய்த ஆண்டுகளில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டறிந்து, அருகிலுள்ள சுவரிலோ மரத்திலோ அடையாளமிட வேண்டும். வீட்டின் தரைமட்டம் அவ்வடையாளத்திற்கு மேல் ஒன்றரை அல்லது இரண்டு அடியேனும் உயர்ந்திருத்தல் நலம்.

மூன்றாவதாக, மனையின் இரண்டு மூலைகளில் ஐந்தடி ஆழத்திற்குக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். மேலே செம்மண் தோன்றினும் அடியில் களி இருக்கலாம். ஒரு மூலையில் பாறையும் மறு மூலையில் கொட்டிய மண்ணும் இருக்கலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்க.

நான்காவதாக, குழியில் எடுத்த மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வைத்திருங்கள். மணல் முதலில் அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியும். களி கடைசியாகப் படியும். எந்த அடுக்கு தடித்திருக்கிறது என்பதைக் கொண்டு மண்ணின் இயல்பை ஒருவாறு அறியலாம். இது பொறியாளரின் மண் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆயினும், அவரிடம் எதனைக் கேட்கவேண்டும் என்பதை உணர்த்தும்.

கரிசல் மண்

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களிலும், கோயம்புத்தூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் கரிசல் மிகுதி. இம்மண் மழையில் வீங்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். வீட்டின் ஓரத்து மண் கோடையில் காய்ந்து சுருங்க, நடுவிலுள்ள மண் ஈரத்தோடு இருக்கிறது. அப்பொழுது சுவரின் ஓரங்கள் தாழ்கின்றன. மழைக்காலத்தில் அதே ஓரங்கள் முதலில் நனைந்து மேலெழுகின்றன. இவ்வாறு ஆண்டுதோறும் ஏறி இறங்குவதால், சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல்கள் ஓடுகின்றன.

"சிறிய வீடுதானே, சிறிய கடைகால் போதும்" என்னும் எண்ணம் கரிசலில் பொருந்தாது. வீடு எவ்வளவு இலேசோ அவ்வளவு எளிதாக வீங்கும் மண் அதனைத் தூக்கிவிடும். தோண்டிய வானத்தில் வெறும் மணலை நிரப்புவதும் நன்றன்று. மழைநீர் அம்மணலில் இறங்கித் தேங்கி, சுற்றியுள்ள கரிசலை மேலும் வீங்கச் செய்யும்.

ரூர்க்கியில் 1947-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், இம்மண்ணுக்கென அடி பருத்த தூண் கடைகாலை உருவாக்கியது. கரிசல் ஆழமாக உள்ள இடத்தில் சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, அதன் அடிப்பகுதியைத் தண்டின் குறுக்களவைப்போல் இரண்டரை மடங்கு அகலமாக்கிக் கான்கிரீட் நிரப்புவது இம்முறையாகும். அடியிலுள்ள மண்ணில் ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஆதலின், தூண் அசையாது நிற்கும். தூண்களை இணைக்கும் விட்டத்திற்கும் மண்ணிற்கும் இடையே சிறிது வெளி விடவேண்டும். மண் வீங்கினும் விட்டத்தைத் தள்ளாது. கரிசல் சில அடி ஆழமே இருப்பின், அதனை முழுதும் அகற்றி அடியிலுள்ள கெட்டி மண்ணில் கடைகாலை ஊன்றலாம். அகற்றிய இடத்தை வீங்காத சரளைச் செம்மண்ணால் கெட்டித்து நிரப்புதல் வேண்டும்.

வீட்டின் வடிவம் எளிய நீள்சதுரமாக இருக்கட்டும். சுவரைச் சுற்றி, மனை இடங்கொடுக்கும் அளவிற்கு, நான்கு முதல் ஆறடி அகலத்தில் வெளிப்புறம் சாய்வான தளம் அமைத்தால் ஓரத்து மண்ணின் ஈரம் மாறாதிருக்கும். குளியலறை நீரைச் சுவரோரம் விடலாகாது. மரங்களை, அவை வளரக்கூடிய உயரத்தின் அளவேனும் வீட்டிலிருந்து தள்ளி நடவேண்டும்.

செம்மண்ணும் பாறையும்

கெட்டியான செம்மண்ணும் சரளையும் வீடு கட்டுவதற்கு நல்ல நிலங்கள். இங்கே ஆழ்ந்த கடைகால் பெரும்பாலும் தேவையில்லை. சேமித்த பணத்தைக் கூரைக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். ஆனால், வீட்டின் ஒரு பாதி பாறைமேலும் மறு பாதி மண்மேலும் அமைந்தால், மண்மேல் நிற்கும் பாதி மட்டும் இறங்கிச் சுவர் பிளக்கும். இத்தகைய மனையில் வீட்டைச் சற்றே நகர்த்தி முழுவதும் ஒரே வகை நிலத்தில் அமைப்பதே சிக்கனம். பழைய கிணற்றையோ கல் குழியையோ மூடிய இடமாயின், அதனை முற்றத்திற்கு விட்டுவிடுக.

நன்செயும் வண்டலும்

காவிரிப் படுகையில் மனைகள் பல, முன்னாள் வயல்களே. அங்கே மண் கொட்டி மேடாக்குவது வழக்கம். லாரி லாரியாகக் கொட்டிய மண்ணின்மேல் உடனே கட்டுதல் கூடாது. அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசு கொண்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அவ்வாறு செய்தாலும், சுவரைத் தாங்கும் கடைகால், கொட்டிய மண்ணைக் கடந்து இயற்கை மண்ணிற்குள் இறங்குதல் வேண்டும். மேட்டு மண்மீது வீட்டின் தரை மட்டுமே அமையலாம்.

நீர்மட்டம் உயர்ந்த இவ்விடங்களில் கழிப்பறைக் குழியை ஆழப்படுத்தலாகாது. ஆழத்தைக் குறைத்து, தரைக்கு மேல் உயர்த்தி அமைக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிற்கும் குழிக்கும் இடையே 10 மீட்டரேனும் இருத்தல் வேண்டும். ஆகவே, கழிப்பறையின் இடத்தை வீட்டு வரைபடத்திலேயே குறித்துவிடுக.

கடற்கரை

2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய தானே புயலையும், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கஜாவில் ஓடுகளும் தகடுகளும் பறந்த வீடுகள் எண்ணற்றவை. கடலோர வீட்டில் கடைகால், தூண், லிண்டல் விட்டம், கூரை ஆகியவை ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். தகடு வேய்ந்தால், அகன்ற தாழ்வாரத்தை வீட்டுக் கூரையின் நீட்சியாக அமைக்காமல் தனிக் கூரையாக அமைக்கலாம். காற்று தாழ்வாரத்தைப் பிய்த்தாலும் வீட்டின் கூரை தப்பும்.

கடல் மணலும் உவர்நீரும் கான்கிரீட்டில் சேர்ந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிரும். நல்ல தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு, பின்னர் தளத்தைப் பழுதுபார்க்கும் செலவிலும் குறைவே. மணல் மேடுகளைச் சமன் செய்யாதீர்கள். அவை அலைக்கு அரண். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உங்கள் மனைக்குப் பொருந்துமா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும்.

மலைச்சரிவு

2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவைச் செங்குத்தாக வெட்டி அகன்ற சமதளம் உண்டாக்குவது ஆபத்தானது. சமவெளியின் வரைபடத்தை மலைக்குக் கொண்டு செல்லாமல், சரிவின் போக்கிலேயே நீண்டும் ஒடுங்கியும் அமைந்த வீட்டைத் திட்டமிடுக. தேவையாயின், தரையைப் படிப்படியாக அமைக்கலாம். வெட்டிய மண்ணைக் கொட்டிய பக்கத்தில் சுவர் எழுப்பலாகாது. தாங்கு சுவரில் நீர் கசியத் துளைகள் வைத்து, மேலிருந்து வரும் மழைநீரை வாய்க்கால் வெட்டி வீட்டைச் சுற்றி ஓடவிட வேண்டும். நீரோடும் ஓடையை மறித்துக் கட்டிய வீடு, எவ்வளவு உறுதியாயினும், நிலைப்பதில்லை.

ஊராட்சி உறுப்பினர் கவனத்திற்கு

பயனாளிகளுக்கு மனை ஒதுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றுமுன், உறுப்பினர்கள் அவ்விடத்தை மழைக்காலத்தில் ஒரு முறை நேரில் பார்வையிடுவது நலம். வறண்ட கோடையில் எல்லா நிலமும் மேடாகவே தோன்றும். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்குகளில் எவரையும் குடியமர்த்தலாகாது. அது சட்டத்திற்கு மாறானது, அக்குடும்பத்திற்கும் தீங்கானது. ஒரே இடத்தில் பல வீடுகள் கட்டப்படுமாயின், மூன்று நான்கு குழிகளைத் தோண்டி, ஒன்றியப் பொறியாளரை அழைத்துக் காட்டிக் கடைகாலின் வகையை முடிவு செய்யச் சொல்லுங்கள். அதன் செலவு, பின்னர்ப் பிளந்த சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்யும் செலவில் ஒரு சிறு பங்கே.

கையிலுள்ள தொகை குறைவாயின், முகப்பு அலங்காரத்தையும் பளபளக்கும் தரைக் கற்களையும் ஒத்திவைக்கலாம். ஓர் அறையைக்கூடப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வறையைப் பழைய சுவரோடு பிணைக்காமல், சிறு இடைவெளி விட்டுக் கட்டினால் இரண்டும் தத்தம் போக்கில் நிற்கும். கடைகாலை மட்டும் பின்னர்ச் சேர்க்க இயலாது. ஆகவே, வரவிருக்கும் மழைக்காலத்திலேயே மனையைப் பார்த்து, மண்ணைத் தோண்டி, நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். அக்குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளரிடமும் கொத்தனாரிடமும் வரைபடம் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.