பொறியின் போர்வை

மோட்டார் வண்டியின் எஞ்சினை மறைக்கும் முன்மூடிக்குப் பிரெஞ்சு மொழியில் 'காப்போ' என்பது பெயர். புதுவையில் அம்மொழி பயின்றோர் அச்சொல்லை நன்கு அறிவர். வானூர்தியின் எஞ்சினை மூடும் போர்வைக்கும் அதுவே பெயர். ஊர்தியின் உடலைக் குறிக்கும் 'பியூசிலேஜ்', இறக்கையோரத்து 'எய்லரான்' ஆகியனவும் பிரெஞ்சுச் சொற்களே. பின்னதற்குச் சிறு சிறகு என்பது பொருள், அழகிய பெயர்! பறக்கும் கலையில் பிரெஞ்சுக்காரர் முந்தி நின்றமையால், ஆங்கிலேயரும் அச்சொற்களை அவ்வாறே ஏற்றனர்.

1909-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள், பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் தாம் அமைத்த வானூர்தியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதன் பொறி போர்வையின்றித் திறந்தே கிடந்தது. இடைவழியில் அது மிகச் சூடேறிற்று என்றும், அப்பொழுது பெய்த தூறலே அதனைக் குளிர்வித்தது என்றும் கூறுவர். மறு ஆண்டிலேயே, சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பார், சிம்சன் நிறுவனத்தாரின் துணைகொண்டு ஒரு வானூர்தி அமைத்துப் பல்லாவரத்தில் பறந்தார். விடுதிக்காரர் விமானியானது வியப்பன்றோ!

திறந்த பொறியின்மீது காற்றுத் தாராளமாக மோதும். ஆனால் அக்காற்றே ஊர்தியைப் பின்னுக்குத் தள்ளும். மூடிவிட்டாலோ பொறி வெந்துபோகும். இவ்விரு இடர்க்கும் ஒருங்கே தீர்வு கண்டவர் அமெரிக்கரான பிரெடு வீக் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1928-இல் அவர்கள் சமைத்த போர்வை, காற்றை அளவாக உள்ளே விட்டு, வெப்பம் மிக்க இடங்களைத் தழுவச்செய்து, வெளியேற்றியது. அதனை அணிந்த ஓர் ஊர்தியின் உச்ச விரைவு மணிக்கு 157 மைலிலிருந்து 177 மைலாக உயர்ந்தது. பொறியின் ஆற்றல் சிறிதும் கூட்டப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

இன்று தம் இல்லத்திலேயே சிறு வானூர்தி அமைப்போர்க்கும் போர்வை பொருத்துதல் பொறுமையைச் சோதிக்கும் வேலையாகும். சித்திரை வெயிலில் இலாசுப்பேட்டைத் திடலிலிருந்து எழும் சிறிய ஊர்தி ஒன்றை எண்ணுக. மேலேறுங்கால் பொறி முழு ஆற்றலோடு உழைக்கும்; விரைவோ குறைவு; ஆதலின் உட்புகும் காற்றும் குறைவு. வெம்மையுற்ற காற்று விரியுமாதலின், வெளியேறும் வாயிலைப் போதிய அகலமாக அமைத்தல் வேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகளின் ஓரத்தில் இடுக்கு இருப்பின், காற்று உருளைகளைத் தொடாமலே நழுவிவிடும். அங்ஙனம் நழுவும் காற்றால் பயன் யாதுமில்லை.

தையற்காரர் உடலுக்கேற்ப ஆடையை வெட்டுவதுபோல், போர்வையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் சிறிது சிறிதாக அராவிப் பொருத்துவர். எனினும், இறுகப் பொருத்துதல் தவறு. பொறி இரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது; ஓடுங்கால் அதிரும். நாளடைவில் இரப்பர் அமுங்க, பொறியும் சற்றே தாழும். இதனை அறிந்தோர், சுழல்விசிறியின் நடுக்குமிழ் போர்வையின் விளிம்பினும் மயிரிழை உயர்ந்து நிற்குமாறு முதலிலேயே அமைப்பர். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளியும் விடுவர். சில நாள் பறந்தபின் போர்வையைக் கழற்றி, உட்புறத்தில் உராய்ந்த தடம் உண்டோ என விளக்கொளியில் தேடுவர்.