நாரையைக் காத்த நங்கையர்

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் மயிலும் அன்னமும் விளங்கக் காண்பது ஆரணி நகரத்தார்க்குப் புதிதன்று. தறியில் நெய்த பறவை சேலைக்கு அழகு தரும். அஸ்ஸாம் மாநிலத்திலோ, அஃது ஓர் இனத்திற்கே உயிர் தந்தது.

பிரமபுத்திரா ஆற்றுச் சமவெளியில் ஹர்கிலா என்னும் பெருநாரை வாழ்கின்றது. அஃது ஏறத்தாழ 5 அடி உயரமுடையது. அழுகிய ஊனையும் உண்பது. கூட்டிலிருந்து வீழும் எச்சமும் இரைத்துண்டுகளும் முற்றத்தை நாறச் செய்யும். ஆதலின் தாதரா முதலிய சிற்றூர்களில் கூடிருந்த மரங்களை வெட்டினர். 2007ஆம் ஆண்டில் அங்ஙனம் ஒரு மரம் வீழ்ந்தபோது 9 குஞ்சுகள் நிலத்தில் விழுந்தன. அதுகண்டு வருந்திய பூர்ணிமா தேவி பர்மன் என்னும் உயிரியல் ஆய்வாளர், தம் முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்து, ஊர்ப் பெண்டிரை நாடினார்.

ஊரார் முதலில் நகைத்தனர். பெண்டிரோ மெல்ல மெல்ல ஒன்று கூடினர். மகளிர்க்கு வளைகாப்புச் செய்வதுபோல், கூடு கட்டும் பருவத்தில் நாரைக்கும் விழா எடுத்தனர். மரத்தடியில் வலை கட்டி, தவறி விழும் குஞ்சுகளைக் காத்தனர். தறியும் நூலும் பெற்று, சேலைகளிலும் மேலாடைகளிலும் நாரையின் உருவை நெய்து விற்றனர். வெறுக்கப்பட்ட பறவை வருவாய்க்கு வழியாயிற்று. கூடுள்ள மரம் வீட்டிற்குப் பெருமையாயிற்று.

முன்பு அப்பகுதியில் 30க்கும் குறைவாயிருந்த கூடுகள் பின்னர் 200ஐக் கடந்தன. 2023ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழியும் இடரிலுள்ள இனங்களின் வரிசையினின்று பெருநாரையை எடுத்து, இடர் குறைந்த வரிசையில் சேர்த்தது.

ஓர் உயிரைக் காக்க விரும்புவோர், முதலில் அதன் அண்டை வீட்டாரை அதற்கு உறவாக்குதல் வேண்டும்.