முதல்ல பலவீனத்தை எழுது, தம்பி

அடுத்த ஞாயித்துக்கிழமை நீ முதல் தடவையா, ஆட்டத்தோட கதையை நடத்துற டன்ஜன் மாஸ்டரா உட்காரப் போறே. நீ அனுப்புன நோட்டை முழுசாப் படிச்சேன். 11 பக்கத்துக்கு ஒரே டிராகனோட பூர்வீகம். எந்த மலை, எந்த யுத்தம், அப்பன் யாருன்னு ஆசையா எழுதியிருக்கே. ஆனா அது முன்னாடி நாலு பேர் போய் நின்னா அவங்க என்ன பண்ண முடியும்? அதுக்கு ஒரு வரிகூட இல்லையேடா.

ரஸ்ட் மான்ஸ்டரை எடுத்துக்கோ. 1974-ல டேவ் ஆர்னெசனோட சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கின கேரி கைகாக்ஸ், மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மை ஒண்ணைப் பார்த்து உருவாக்கின ஜந்து இது. பூர்வீகக் கதையெல்லாம் பெருசா கிடையாது. இரும்பைத் தேடித் தின்னும், அவ்வளவுதான். 2014-ல வந்த அஞ்சாம் பதிப்புல, சாதாரண இரும்பு வாளால அதை வெட்டுனா ஒவ்வொரு வெட்டுக்கும் வாளோட சேதம் ஒண்ணு குறையும். மைனஸ் அஞ்சு ஆனா வாளே போச்சு.

எங்க டேபிள்ல இது வந்தப்போ, ஃபைட்டரா, அதாவது போர்வீரரா ஆடுன பொண்ணு வாளை உறையில போட்டுட்டா. பையில கிடந்த இரும்பு ஆணிகளை ஒண்ணொண்ணா பக்கத்துச் சந்துல வீசினா. அது ஆணிகளைப் பொறுக்கிட்டே உள்ள போக, எல்லாரும் சுவரை ஒட்டி நழுவி வெளியே வந்தாங்க. சண்டைக்குன்னு ஒருத்தர்கூட பகடையைத் தொடல. ஆனா அந்த ராத்திரியை இன்னிக்கும் பேசுறாங்க.

அதனால, ஒரு ஜந்துவுக்கு எது மேல ஆசை, எதுக்குப் பயம்னு ரெண்டையும் முதல்ல எழுதிடு. அந்தப் பயத்தோட தடயத்தை ஊர்லயே விட்டு வை. அதே 2014 பதிப்புல, டிரோல்ங்கிற அரக்கனுக்கு ஒவ்வொரு ரவுண்டும் 10 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, திரும்ப வந்துடும். நெருப்போ ஆசிடோ பட்டாத்தான் அது நிக்கும். அப்போ டிரோல் நடமாடுற ஊர்ல ராத்திரி எந்த வீட்டுலயும் அடுப்பை அணைக்கக் கூடாது. ஏன்னு ஆடுறவங்களே கேக்கட்டும்.

ஊர், ஜனங்கன்னு எழுதும்போது சாமி பேர்ல ஆரம்பிக்காதே. அங்க எதுக்குப் பஞ்சம்னு யோசி. 1991-ல வந்த 'டார்க் சன்' உலகத்துல உலோகம் கிடைக்கிறதே அபூர்வம். அந்த ஒண்ணுலயிருந்தே எலும்புலயும் கல்லுலயும் ஆயுதம், பீங்கான்ல காசுன்னு ஒரு நாகரிகமே விரியுது. நீ உப்புக்குப் பஞ்சம்னு வை. விருந்தாளி இலையில உப்பு வைக்கிறதுதான் அங்க பெரிய மரியாதை. பொண்ணு கேட்டு வர்றவங்க உப்புக்கட்டியோட வருவாங்க. கடன் வாங்கினவன் உப்பு தொடாம இருப்பான். இப்படி மூணு பழக்கம் போதும். ஆனா ஒரு இனம் முழுக்கக் கெட்டவங்கன்னு மட்டும் எழுதிடாதே. நிஜத்துல வாழுற ஒரு ஜனத்தோட உடுப்பையும் கும்பிடுறதையும் எடுத்து அரக்கனுக்கு மாட்டவும் கூடாது. அந்த ஜனத்துல ஒருத்தர் உன் டேபிள்லயே உட்கார்ந்திருக்கலாம்.

மந்திரப் பொருள்ல நான் பட்டதைச் சொல்றேன். ரெண்டாம் லெவல்லயே ஒரு பையனுக்கு, நினைச்சப்பல்லாம் மறையுற மோதிரம் கொடுத்தேன். நாலு வாரம் அவன் ஒருத்தனே எல்லாத்தையும் முடிச்சான், மத்தவங்க போனைப் பார்த்துட்டு இருந்தாங்க. கடைசியில எல்லாரையும் உட்கார வச்சுப் பேசி, ஒரு நாளைக்கு மூணு தடவைதான்னு மாத்தினேன். அவன் முகம் வாடினதைப் பார்க்கக் கஷ்டமா இருந்துச்சு. எல்லையை முதல்லயே வச்சிருந்தா அது நடந்திருக்காது.

பேக் ஆஃப் ஹோல்டிங்னு ஒரு மந்திரப் பை இருக்கு, 500 பவுண்டு தாங்கும். ஆனா ஒருத்தர் உள்ள போய் ஒளிஞ்சா 10 நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கும். ரெண்டு பேர் போனா அஞ்சு நிமிஷம். கிழிஞ்சா உள்ள இருந்ததெல்லாம் வேற உலகத்துல சிதறிடும். அந்தக் கட்டுப்பாடுதான் பையை சுவாரஸ்யமாக்குது. நீயும் ஒரு விளக்கு செய்யேன்: அது எரியுற வரைக்கும் வெளிச்சத்துல நிக்கிற யாராலயும் பொய் சொல்ல முடியாது, ஏத்தினவனாலயும்தான்.

இப்போ அந்த டிராகனுக்கு வா. அதுக்கு எதுக்குப் பயம்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. சனிக்கிழமை ராத்திரி அக்கா ஃபைட்டரா வந்து ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன்.