மீனல்லாத பேருயிர்

காரைக்கால் கடற்கரையில் வளரும் குழந்தைக்கு எழுத்தறிவுக்கு முன்பே மீனறிவு வாய்த்துவிடுகிறது. வஞ்சிரம், வாளை, மத்தி, நெத்திலி எனப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் அக்குழந்தை, திமிங்கிலத்தையும் 'பெரிய மீன்' என்றே கூறும். அதில் வியப்பில்லை. 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது என்பதே அவ்வடசொல்லின் பொருள். பெயரிட்டவர்களும் மீன்களோடு சேர்த்தே அதனை எண்ணினர்.

மீனன்று என விளக்க வால் ஒன்றே போதும். மீன் வாலைப் பக்கவாட்டில் வீசி நீந்தும். திமிங்கிலமோ மேலும் கீழும் அசைத்து நீந்தும். நுரையீரலால் சுவாசிப்பதால் அது நீர்ப்பரப்பிற்கு வந்தே தீரவேண்டும். கன்று ஈன்று பாலூட்டும். 'அதுவும் தாய்ப்பால் குடித்தே வளர்கிறது' என்று சொன்ன அளவில் குழந்தைக்கு அது நெருங்கிய உயிராகிவிடும். நீலத்திமிங்கிலத்தின் நீளத்தை எண்ணால் மட்டும் உரைத்துப் பயனில்லை. அரசலாறு கடலில் கலக்கும் மணல்வெளியில் 30 மீட்டர்க் கயிற்றை நீட்டி, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குழந்தைகளை ஓடவிட்டால் கால்களே அளந்து சொல்லும்.

இறப்பைப் பற்றிச் சொல்வதே கடினம். 2016 சனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் குட்டைத் துடுப்புடைய பைலட் திமிங்கிலங்கள் 80 அளவில் கரையொதுங்கின. மீனவரும் அரசு ஊழியரும் அவற்றை ஆழ்கடலுக்குத் தள்ளிவிட்டனர். சில மீண்டும் கரைக்கே திரும்பின. பாதிக்கும் மேற்பட்டவை மாண்டன. 1973 சனவரியிலும் அக்கடற்பகுதியில் இத்தகைய திமிங்கிலங்கள் 147 ஒதுங்கியதுண்டு.

'ஏன் திரும்பி வந்தன?' என்று குழந்தை கேட்கும். இவை பிரியாக் கூட்டமாக வாழ்பவை; துணை கரையில் கிடக்க, தாம் மட்டும் விலகிச் செல்வதில்லை என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று. முதலில் அக்கூட்டம் கரையை நாடியது ஏன் என்பதற்கு உறுதியான விடை இல்லை. அதனைக் குழந்தையிடம் மறைக்க வேண்டியதுமில்லை.

வியட்நாம் மீனவர், கரையொதுங்கி இறந்த திமிங்கிலத்தைப் பெரியவர் ஒருவருக்குரிய மதிப்புடன் அடக்கம் செய்வர். காரைக்காலுக்கு வடக்கே, புகாரின் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கடலுயிரை வணங்கத்தக்கதாகக் கருதும் மனம் இக்கரைக்குப் புதிதன்று.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலங்களை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பர், நறுமணப் பொருளுக்காகப் பெருவிலை பெறுவது. கரையில் தானே ஒதுங்கிக் கிடந்தாலும் அதனை விற்பது குற்றமே.

உயிருடன் ஒதுங்கிய திமிங்கிலத்தை நீர் தாங்குவதில்லை. அதன் எடையே நுரையீரலை அழுத்தும்; தடித்த கொழுப்படுக்கு உடற்சூட்டை வெளியேற விடாது. வனத்துறையினர் வரும்வரை அதன் மேல் ஈரத்துணி போர்த்திக் கடல்நீர் ஊற்றலாம். தலையின் மேலுள்ள மூச்சுத்துளைக்குள் நீரோ மணலோ புகுதல் கூடாது. வாலைப் பிடித்து இழுத்தலும் ஆகாது.