வேலியும் வாய்க்காலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. கந்தரோடை வழியாகச் சென்று அராலியிலே கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரிவெள்ளத்தைக் கொண்டுசெல்லும் ஓடையேயாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவக்காற்று மழையே நம் நீர்வளத்தின் பெரும்பகுதி. அம்மழைநீரை வயல்களினின்றும் ஊர்மனைகளினின்றும் வடியச் செய்வன வெள்ளவாய்க்கால்கள். அவற்றின் கரைகள் அரிக்கப்படுவது ஏன், அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஓடும் நீரின் வேகம் இருமடங்காயின், அது கரைமண்ணை இழுக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். வெறுங்கரை அவ்விசையைத் தாங்காது. முதலில் அடி அரிபடும். பின் மேற்கரை பற்றுக்கோடின்றிச் சரியும். சரிந்த மண் கீழே சென்று படிந்து வாய்க்காலைத் தூர்க்கும். தூர்ந்த வாய்க்காலிற் செல்லவியலாத வெள்ளம் தோட்டத்துட் புகும். 2008 ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழையால் குடாநாடு வெள்ளக்காடானதை நாம் மறந்திலோம்.

இதற்கு மருந்து வேரே. அறுகு மண்ணின் மேற்பரப்பைப் பின்னிப் பிடிக்கும். வெள்ளம் வருங்கால் படிந்து கிடந்து கரைக்குப் போர்வையாகும். வெட்டிவேரோ பக்கம் படராது, 3 மீற்றர் வரையும் நேர்கீழாக இறங்கவல்லது. ஆதலின் அதனைக் கரைச்சரிவிலே நெருக்கமான வரிசையாக நடுதல் வேண்டும். ஈரமிகுந்த இடத்திற்குத் தாழையும், கரையின் மேலே மருதும் பனையும் பொருந்தும். வாய்க்காலின் நடுவே மட்டும் மரம் வளரவிடலாகாது; அது நீரை எதிர்க்கரைமீது திருப்பிவிடும். முதன்மழை பெய்தவுடன் நட்டால், பெருவெள்ளத்தின் முன் வேரூன்றும்.

நட்டதனோடு பணி முடிந்ததன்று. ஆடுமாடுகள் தளிரை மேயும்; அவற்றின் குளம்புகள் ஈரக்கரையை உடைக்கும். ஆகவே விளிம்பினின்றும் சில அடி விலகி, இருபுறமும் கிளுவை, பூவரசு முதலியவற்றின் கதியால்களை நாட்டி வேலியடைத்தல் வேண்டும். கால்நடை நீருண்ண ஓரிடத்திலே கல் பரவிய இறங்குதுறை அமைக்கலாம். வாய்க்காலுக்குக் குறுக்கே வேலி போடுதல் பெருந்தவறு. சருகும் தடியும் அதிலே சிக்கி அணையாகி, வெள்ளத்தைக் கரைமேல் ஏற்றும்.

எல்லைவேலி ஒரு முழம் நகர்ந்ததென்று நீதிமன்றம் ஏறுவோர் நம்மவருள் உளர். ஆயின் மாரிதோறும் வாய்க்கால் கவர்ந்துசெல்லும் முழங்களுக்கு வழக்காடுவார் யார்? சுண்ணாம்புக்கற் பாறைமீது கிடக்கும் நம் மண் பலவிடங்களிற் சில அடி ஆழமே உடையது. ஒருமுறை கடல் சேர்ந்தால் மீளாது. ஒருகரையார் மட்டும் நட்டாற் போதாது. இருகரையாரும் கூடியே செய்தற்குரிய பணி இது.

மாணவர்காள், வருகின்ற புரட்டாதியில் உங்கள் ஊர் வாய்க்காலைச் சென்று பாருங்கள். பழைய மாணவராகிய பெரியீர், காணிக்கரையிலே கதியால் நாட்டும்போது அயலவரையும் அழைத்து நாட்டுங்கள். எல்லை வேலி இரு காணிகளைப் பிரிக்கும். வாய்க்கால் வேலி இரண்டையும் காக்கும்.