எழுவாய் எங்கே போனது? செய்தி எழுதுவோருக்குச் சில குறிப்புகள்

அரசுக் குறிப்பு, போலீஸ் குறிப்பு, நிறுவனத்தின் அறிக்கை எல்லாம் நம் மேசைக்கு வரும்போதே பூசி மெழுகித்தான் வருகின்றன. மெழுகும்போது முதலில் காணாமல் போவது எழுவாய். யார் செய்தது, யார் செய்யச் சொன்னது என்பது உதிர்ந்துவிடும். ஏதோ தானாக நடந்ததுபோல ஒரு வாக்கியம் மிஞ்சும்.

செய்ய வேண்டியவை

• கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை யார் இறக்கிவிட்டது என்று கேளுங்கள். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று எத்தனையோ முறை அச்சடித்துவிட்டோம். அந்தத் தலைப்பில் குற்றவாளி வாயு. வீட்டுக்காரர் ஒப்பந்ததாரருக்குப் போன் போட்டது, அவர் கூலி பேசி ஆளை அனுப்பியது, முகக்கவசமோ கயிறோ இல்லாமல் ஒருவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியது, உள்ளேயிருந்து சத்தம் வராததால் பதறி அடுத்தவரும் இறங்கியது, எதுவும் அதில் இல்லை. பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா, எந்தச் சட்டத்தில் வழக்கு என்று விசாரித்து எழுதுங்கள். இப்படி இறப்பவர்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. அது குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம். ‘கருணைத் தொகை’ என்று எழுதினால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததாகிவிடும்.

• எண்ணிக்கையைப் போடுமுன் வரையறையைப் படியுங்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையால் ஒருவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021இல் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் சொன்னது. சாக்கடையிலும் தொட்டியிலும் செத்தவர்கள் ‘அபாயகரமான துப்புரவு’ என்ற வேறொரு கணக்கில் இருந்தார்கள். பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் கவனம் தேவை.

• ‘கட்டண மாற்றியமைப்பு’ என்று வந்தால் பழைய விலையையும் புதிய விலையையும் அருகருகே போடுங்கள். 2018 ஜனவரியில் சென்னை மாநகரப் பேருந்தில் 3 ரூபாய் டிக்கெட் 5 ரூபாயானது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• போலீஸ் குறிப்பில் இருக்கும் வினைச்சொல்லை உங்கள் வினைச்சொல்லாக்காதீர்கள். கைதானவர் கழிவறையில் வழுக்கி விழுகிறார். மறுநாள் மாவுக்கட்டோடு படம் வருகிறது. தமிழ்நாட்டில் இது கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. ஆனாலும் ‘வழுக்கி விழுந்ததில்’ என்றுதான் நாமும் எழுதுகிறோம். 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்று, பிறகு இறந்துபோன தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதால் காயமடைந்தார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. பிறகு சிபிஐ விசாரித்து, போலீசார் மீதே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ‘என்று போலீசார் கூறுகின்றனர்’ என்ற மூன்று சொல்லுக்கு இடமில்லாத பத்தி எதுவும் இல்லை.

• ‘ராஜினாமா செய்தார்’ என்று சட்டென்று எழுதிவிடாதீர்கள். நிறுவனம் ‘மறுசீரமைப்பு’ என்று சொல்லும். உள்ளே நடப்பது வேறு: எச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள், ராஜினாமா மெயிலை அங்கேயே டைப் செய்யச் சொல்வார்கள், முரண்டு பிடித்தால் அனுபவச் சான்றிதழைக் காட்டி மிரட்டுவார்கள். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டு வேலை பார்த்த தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளமும் உண்டு. ராஜினாமாவுக்கு அந்த இழப்பீடு கிடையாது. எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில் ஒருவருடைய பணம் இருக்கிறது.

• பெயர் மாறியதோடு செய்தியை முடிக்காதீர்கள். துப்புரவுப் பணியாளர் 2020இல் தூய்மைப் பணியாளர் ஆனார். மரியாதையான பெயர், வரவேற்கலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து அதே தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது வேலைப் பாதுகாப்பு. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றினார்கள். இந்த மாதிரி இடத்தில் ‘அப்புறப்படுத்தப்பட்டனர்’ என்று எழுதாதீர்கள். அப்புறப்படுத்துவது குப்பையை.

• துக்கச் செய்தியில் கைவைக்காதீர்கள். ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ எல்லாம் இருக்கட்டும். நன்னூல் இலக்கணமே இதை, அமங்கலத்தை நல்ல சொல்லால் சொல்லும் ‘மங்கலம்’ என்று ஏற்கிறது.

• பூச்சைச் சுரண்டும் வேகத்தில் இன்னொரு தப்பைச் செய்யாதீர்கள். வங்கிகளின் ‘செயல்படாத சொத்து’க்கு வாராக்கடன் என்ற நல்ல சொல் நம்மிடம் புழங்குகிறது, அதையே போடுங்கள். ஆனால் வங்கி அந்தக் கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்கினால் ‘தள்ளுபடி’ என்று தலைப்பு வைத்துவிடுகிறோம். விவசாயக் கடன் தள்ளுபடி என்றால் விவசாயி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். இங்கே கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே நிற்கிறது, வங்கி வசூலிக்கலாம். எவ்வளவு வசூலித்தார்கள் என்று கேட்டு, அந்தத் தொகையையும் அதே செய்தியில் போடுங்கள்.